அஞ்சுக்கு அஞ்சு அண்ணாச்சி

உலகத்தில் எந்தத் தோல்வி எங்கே நடந்தாலும் அதற்குக் கோல் கீப்பர் காரணமில்லை என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரு மனிதர் டெக்ஸாஸ் மாகாணத்துப் பிளானோவில் இருக்கிறார். பாலம் இடிந்தாலும் சரி, பாங்க் திவாலானாலும் சரி, பாயசத்தில் உப்பு விழுந்தாலும் சரி, "கோலியைச் சொல்லாதீரும்வே" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். ஆபீஸ் பேட்ஜில் அவருக்கு பைபிளிலிருந்து எடுத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் வட்டாரத்துத் தமிழர்களுக்கெல்லாம் அவர் அஞ்சுக்கு அஞ்சு அண்ணாச்சி.

சொந்த ஊர் கோவில்பட்டி. மற்ற ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு அலைந்த காலத்தில் அந்த ஊர்ப் பையன்கள் ஹாக்கி மட்டையோடு அலைந்தார்கள். அண்ணாச்சி காலேஜ் டீமில் கோலி, அதாவது கோல் கீப்பர். பிழைப்புக்காக டெக்ஸாஸ் வந்தவர், இங்கே ஐஸ் தரையில் ஆடும் ஹாக்கியைப் பார்த்ததும் சொந்தக்காரனைக் கண்டவர்போல் ஒட்டிக்கொண்டார். கோலிமேல் இவ்வளவு பாசம் வைக்கிறாரே, கோவில்பட்டியில் ஏதோ பெரிய சோகக்கதை இருக்கும் என்று நினைத்து, ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு விசாரித்தேன். "கதையுமில்ல, கத்தரிக்காயுமில்ல. எனக்கு ஓட வராதுவே. அதான் கோலியா நிப்பாட்டிட்டானுவ" என்றார்.

ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு ஐந்து பேர், அடியில் கத்தி வைத்த காலணியைப் போட்டுக்கொண்டு வழுக்கி ஓடுவார்கள். பக் என்கிற ரப்பர் வட்டை எதிரியின் வலைக்குள் தள்ள வேண்டும். ஆறாவது ஆள் கோலி. மெத்தையைக் காலில் கட்டிக்கொண்டு வலைக்கு முன்னால் நிற்பார். எவனாவது முரட்டுத்தனம் செய்தால் அவனை இரண்டு நிமிஷம் கூண்டில் உட்காரவைத்துவிடுவார்கள். அதுவரை அவன் அணிக்கு ஓடுவதற்கு நாலு பேர்தான். எங்கள் ஊர் அணிக்கு, எதிரணியில் இப்படி ஒரு ஆள் குறையும்போது மட்டும் பெரிய வீரம் வரும். சரிக்குச் சமமாக அஞ்சுக்கு அஞ்சு நின்றால், பந்தியில் இடம் தேடுகிறவர்கள்போல் சும்மா சுற்றிச் சுற்றி வருவார்கள்.

அண்ணாச்சியின் வேதாந்தம் இங்கேதான் ஆரம்பம். "அஞ்சுக்கு அஞ்சு நிக்கும்போது கோல் அடிக்கத் துப்பில்ல. பக்கைத் தொலைச்சிட்டு அஞ்சு பேரும் வேடிக்கை பாக்கானுவ. அத்தனையும் தாண்டி வந்து விழுததுக்குக் கோலியைத் திட்டுதீங்க. அவன் என்னவே பண்ணுவான், வலையைச் சுருட்டி வீட்டுக்கா எடுத்துட்டுப் போவான்?"

இந்த வேதாந்தத்தில் நான் மாட்டிக்கொண்டது ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம். மதியம் கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்தார். தமிழ் முகம், ஏதாவது பேச வேண்டுமே என்று, "நேத்து கோலி கொஞ்சம் சொதப்பிட்டான் போல இருக்கே சார்" என்றேன். நான் மேட்ச் பார்க்கவே இல்லை. லிஃப்டில் யாரோ சொல்லிக் கேட்டது.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "நீரு மேட்ச் பாத்தீரா?"

"இல்ல, ஹைலைட்ஸ் மட்டும்..."

"ஹைலைட்ஸ்!" என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டமாதிரி. எழுந்து போய்க் கை நிறைய கெட்சப் பாக்கெட்டும் கடுகு சாஸ் பாக்கெட்டும் அள்ளிக்கொண்டு வந்தார். கெட்சப் நம் ஆள்கள். கடுகு எதிரணி. கோலிக்கு ஆள் தேடியவர், என் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

"இங்க பாரும். இந்தக் கடுகு பக்கை எடுத்துட்டு வாரான். நம்ம கெட்சப் என்ன பண்ணுதான்? வேடிக்கை பாக்கான். இவன் எங்க போனான்? தண்ணி குடிக்கப் போய்ட்டான். அடுத்தவன்? கீழ விழுந்து கிடக்கான். இப்ப சொல்லும், இட்லி என்ன பாவம் பண்ணிச்சு?"

எனக்குப் பசி. இட்லியை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"கோலி மேல கை வைக்காதீரும்!"

லஞ்ச் நேரம் முடியும்வரை இட்லியின் குற்றமின்மை நிரூபிக்கப்பட்டது. நான் மிச்ச இட்லிகளைச் சட்னியில்லாமல் விழுங்கிவிட்டு ஓடினேன். அன்றிலிருந்து அவரோடு சாப்பிடப் போகும்போதெல்லாம் சப்பாத்திதான் கொண்டுபோவேன். சப்பாத்தியை நிற்கவைக்க முடியாது.

ஸ்டேடியத்துக்கு அவரோடு போவது தனி அனுபவம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில்கூட கம்பளிக் குல்லா, மஃப்ளரோடு வருவார். ஆயிரக்கணக்கான பேர் பக்கைப் பார்ப்பார்கள், அண்ணாச்சி கோலியை மட்டும் பார்ப்பார். ஆட்டம் எதிர்முனையில் அனல் பறந்துகொண்டிருக்கும்போது இங்கே எங்கள் கோலி தனியாக நின்று தண்ணீர் குடிப்பதை, பிள்ளை ஸ்கூல் மேடையில் டான்ஸ் ஆடுவதைப் பார்க்கும் தகப்பன்போல ரசிப்பார். நாங்கள் கோல் அடித்து ஸ்டேடியமே எழுந்து குதிக்கும். அவர் என் சட்டையை இழுத்து, "என்ன, அடிச்சிட்டானுவளா? யாரு?" என்று கேட்பார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆட்டம் மூன்று பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறும். முதல் பகுதி முடிந்ததும் அண்ணாச்சி தன் பாப்கார்ன், குல்லா, மஃப்ளர் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஸ்டேடியத்தைப் பாதி சுற்றி நடந்து, கோலி போன முனைக்குப் போய்விடுவார். அங்கே அவருக்கு சீட் கிடையாது. படிக்கட்டு ஓரமாக ஒண்டிக்கொண்டு நிற்பார். காவலுக்கு நிற்பவர்கள் முதலில் துரத்தினார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அங்கிருந்து கண்ணாடியைத் தாண்டிக் கோவில்பட்டித் தமிழில் கோச்சிங் நடக்கும்.

"எலே, இடது காலு! இடது காலை மடக்குல! அய்யோ, அங்க ஒருத்தன் ஒளிஞ்சிருக்காம்ல!"

கோலியோ ஏதோ பனிதேசத்துப் பையன். ஆங்கிலமே அவனுக்கு அரைகுறை. ஆனால் பெரிய தொப்பி வைத்த ஒரு டெக்ஸாஸ்காரர் அண்ணாச்சியின் பக்கத்தில் நின்று நின்று, ஒவ்வொரு தடவையும் "எலே! எலே!" என்று கத்தப் பழகிக்கொண்டார். அவர் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருக்கிறார்.

பிரார்த்தனை என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணாச்சி வீட்டில் மாதம் ஒருமுறை ஜெபக்கூட்டம் நடக்கும். முடிவில் அவர் மனைவி ரூத் அக்கா பரிமாறும் பிளம் கேக்குக்காக, நெற்றியில் விபூதியோடு நானும் தவறாமல் போவேன். ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக்குறிப்பைச் சொல்வார்கள். ஒருவருக்கு க்ரீன் கார்டு, ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மகளின் மெடிக்கல் சீட். அண்ணாச்சி முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம சகோதரர் ஒருத்தருக்குத் தொடையில தசை பிடிச்சிருக்கு. எழும்பி நிக்க முடியல. பிள்ளை சீக்கிரம் பழைய எடத்துக்கு வரணும்" என்றார். குரல் உடைந்துவிட்டது. போதகர் உருகி உருகி ஜெபித்தார். ரூத் அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். அவருக்கு மட்டும் அது யாருடைய தொடை என்று தெரியும்.

நாகர்கோவில் ஆன்ட்டி ஒருவர் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, "யாருப்பா, ரூத்துக்கத் தம்பியா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல, ஆன்ட்டி" என்றார் அண்ணாச்சி. மறுநாளே பெரிய ஃபிளாஸ்க் நிறைய ஆட்டுக்கால் சூப் வந்து இறங்கியது. வேறு யாராவதாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்கள், அல்லது சூப்பைக் குடித்திருப்பார்கள். அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு அணி பயிற்சி செய்யும் இடத்துக்கே டிரைவ் பண்ணிப் போய்விட்டார். வாசலில் இருந்த செக்யூரிட்டி, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்றார். அண்ணாச்சி விடவில்லை. கடைசியில் அதில் விஷம் இல்லை என்று காட்ட, செக்யூரிட்டிக்கே ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அவர் இன்னொரு டம்ளர் கேட்டார். ஃபிளாஸ்க் அங்கேயே காலி.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்து சாட்சி சொன்னார். "சகோதரர் எழும்பிட்டாரு. நேத்து ஒண்ணுகூட உள்ள விடல." ஆன்ட்டி ஆனந்தக் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார். எதை உள்ளே விடவில்லை என்று அவர் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட அண்ணாச்சிக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு. செந்தில். ஈரோட்டுப் பையன். எங்கள் ஆபீஸில் டெஸ்டிங் லீட், அதாவது மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்து வெளியே அனுப்புகிறவன். நல்ல பையன். மனைவி காயத்ரி, கிண்டர்கார்டன் போகும் மகன், விசா, பாதியில் நிற்கும் க்ரீன் கார்டு என்று எங்கள் எல்லோரையும் போல்தான். ஆனால் எங்கள் ஊர்க் கோலியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அவனுக்கு சாமி வந்துவிடும்.

"அவனெல்லாம் ஒரு கோலிங்களாண்ணா? எங்கூரு சல்லடையக் கொண்டாந்து வெச்சாக்கூட அவனவிட நாலு பக்கு கூடத் தடுக்குமுங்க!"

"தம்பி, அஞ்சுக்கு அஞ்சுல நம்மாளு கோல் அடிச்சு எவ்ளோ நாளாச்சு?"

"அத உடுங்ணா. கடைசில நிக்கறவன் தடுக்கோணும். அதுக்குத்தானுங்க அவனுக்கு சம்பளம்!"

இருவரும் காரில் சண்டை, கேன்டீனில் சண்டை, குழந்தைகள் பிறந்தநாளில் கேக் வெட்டும்போது சண்டை. அண்ணாச்சியின் மகள், "டாட், ப்ளீஸ், எவ்ரிபடி இஸ் வாட்சிங்!" என்று கெஞ்சுவாள். இவர் கேட்க மாட்டார்.

சண்டை முற்றி, இங்குள்ள தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா பட்டிமன்றம்வரை போனது. வருஷா வருஷம் மாமியாரா மருமகளா என்று பேசிப் பேசி சங்கத்துக்கே சலித்திருந்த நேரம். அண்ணாச்சி கமிட்டி ஆள்களை ஒவ்வொருவராகப் பிடித்து, காதில் ரத்தம் வருமளவு பேசி, புதுத் தலைப்பு வாங்கிவிட்டார். 'தோல்விக்குக் காரணம் ஓடும் ஐவரா, நிற்கும் ஒருவரா?' நடுவர் ஒரு குழந்தை டாக்டர். அவர் வாழ்க்கையில் ஐஸைப் பார்த்தது ரோஸ்மில்க்கில் மட்டும்தான்.

செந்தில் ஒருவர் அணி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலியைப் பிய்த்து உதறினான். அண்ணாச்சி ஐவர் அணி. "ஐந்து பேரும் கைவிட்ட பிறகு, அத்தனை அடியையும் ஒற்றை ஆளாக நெஞ்சில் வாங்கிக்கொண்டு நிற்கிறாரே, அவரையா குறை சொல்கிறீர்கள்?" என்று மேடைத் தமிழில் அவர் முழங்கினார். ஹாக்கி என்பதே தெரியாமல், குடும்பப் பிரச்சினை என்று நினைத்து உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர். முன்வரிசையில் ஒரு மாமி, தன் ஐந்து கொழுந்தனார்களை நினைத்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடுவர் எழுந்தார். ஐவரும் தேவை, ஒருவரும் தேவை, ஆறு பேரும் அனுசரித்து வாழ்வதே இல்லறம் என்று தீர்ப்புச் சொல்லி உட்கார்ந்தார். ஒரே கைதட்டல். அண்ணாச்சியும் செந்திலும் மட்டும் அவரைச் சர்க்கரைப் பொங்கல் வரிசைவரை துரத்திக்கொண்டு போய் மறுவிசாரணை கேட்டார்கள்.

பொங்கல் முடிந்து மார்ச் வந்தது. எங்கள் கம்பெனி செய்வது, பல் டாக்டர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுக்கொடுக்கும் சாஃப்ட்வேர். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அன்றைக்கு எங்கள் சாஃப்ட்வேர் குழம்பிப்போய், அத்தனை நோயாளிகளையும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே வரச்சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டது. நாட்டில் எங்கள் சாஃப்ட்வேர் வாங்கிய ஒவ்வொரு பல் டாக்டர் வாசலிலும், வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, திருப்பதி தரிசன க்யூ மாதிரி ஜனம் நின்றது.

ஆபீஸ் தலைகீழாகியது. இப்படி ஏதாவது நடந்தால் எங்கள் கம்பெனியில் ஒரு கூட்டம் போடுவார்கள். யாரையும் குறை சொல்லாத ஆய்வுக் கூட்டம் என்று அதற்குப் பெயர். யாரைக் குறை சொல்வது என்று முந்தின நாளே முடிவாகியிருக்கும். இந்தத் தடவை செந்தில். டெஸ்டிங்கில் பிடித்திருக்க வேண்டியது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வேலை போகும் என்று வராந்தாவில் எல்லோரும் கிசுகிசுத்தார்கள். விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் இரண்டு மாதம் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டும். காயத்ரிக்கு அப்போது ஏழாவது மாசம்.

கூட்டத்தன்று செந்தில் பேயறைந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். எங்கள் டைரக்டர் டெக்ஸாஸிலேயே பிறந்து வளர்ந்தவர். சனிக்கிழமைதோறும் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போய்க் கோலியை 'பூ' என்று ஊளையிட்டுக் கேலி செய்துவிட்டு வருபவர். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "நாம் யாரையும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் கடைசி வாசலில் இது தடுக்கப்பட்டிருக்க வேண்டும்..."

நாற்காலி நகரும் சத்தம். திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி. எத்தனையோ வருஷமாக எந்த மீட்டிங்கிலும் வாயைத் திறக்காத மனிதர். நேரே போர்டுக்குப் போய் ஒரு வலை வரைந்தார். அதற்கு முன்னால் ஐந்து வட்டம் போட்டார்.

டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் படம் புரிந்துவிட்டது.

அண்ணாச்சி பேசியது கோவில்பட்டி ஆங்கிலம். சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன். முதல் வட்டம் சேல்ஸ். கடைசி வாரத்தில் புதிதாக ஒன்றைச் செய்துதருவதாக வாக்குக் கொடுத்தவர்கள். இரண்டாவது வட்டம், பழைய புரோகிராமை அப்படியே காப்பியடித்தவன். அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். மூன்றாவது வட்டத்தில் அண்ணாச்சி விரலை வைத்து ஒரு கணம் நின்றார். "இது ரிவ்யூ. அவன் எழுதினதைப் படிச்சுப் பார்த்து சரின்னு சொல்ல வேண்டிய ஆள். அது நான். நான் படிக்கல."

நான்காவது வட்டம், டெஸ்டிங்குக்குக் கொடுத்த நாள்களைப் பாதியாக வெட்டியவர். பெயர் சொல்லவில்லை. டைரக்டர் தன் டையைச் சரிசெய்துகொண்டார். ஐந்தாவது, கடிகாரம் மாறும் ஞாயிறன்று கண்காணிக்க ஆள் போடாத கூட்டம், அதாவது நாங்கள் எல்லோரும்.

"அஞ்சு பேரும் விட்டுட்டோம். இப்ப கோலியைப் பிடிச்சு வெளிய தள்ளப் போறோம். இந்த வருஷம் அவன் எத்தனை பக்கைத் தடுத்தான்னு யாராவது கேட்டோமா?" என்று கேட்டுவிட்டு, செந்தில் பிடித்த ஒவ்வொரு தப்பையும் வரிசையாகச் சொன்னார். எங்களில் பலருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவை எங்கள் தப்புகள்.

டைரக்டர் போர்டிலிருந்த வலையைக் காட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ சனிக்கிழமை மூன்றாவது கோல்? அதுகூடக் கோலிமேல் தப்பில்லை என்கிறாயா?"

"நெவர்!" என்றார் அண்ணாச்சி.

அவ்வளவுதான். டைரக்டர் எழுந்து போர்டுக்குப் போனார். பல் டாக்டர்கள் மறக்கப்பட்டார்கள். மீதி நேரம் முழுக்க சனிக்கிழமை ஆட்டம் நடந்தது. அடுத்த மீட்டிங்குக்கு ஆள்கள் வந்து கதவைத் தட்டியபோது டைரக்டர் அவசரமாக, "இது ஒரு ப்ராஸஸ் கோளாறு, எல்லோரும் பொறுப்பு" என்று முடித்துவிட்டுப் போனார். செந்தில் வேலை தப்பியது. அண்ணாச்சிக்கு அந்த மாதம் வரவேண்டியிருந்த ப்ரமோஷன் வரவில்லை. ரிவ்யூ செய்யாத ஆளுக்கு எப்படிக் கொடுப்பார்கள்?

இதில் எனக்கு மட்டும் ஞாபகம் இருந்த ஒரு விஷயம் உண்டு. அந்த ரிவ்யூ அவர் பெயருக்கு வந்தபோது அண்ணாச்சி ஊரிலேயே இல்லை. முறையாக லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, மச்சினி கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தார். ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டதே நான்தான். அவர் திரும்பி வரும்வரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போய்க் கோலியை மட்டும் பார்த்து வாட்ஸப்பில் சேதி சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. அதனால் அது எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. கூட்டத்தில் நான் வாயைத் திறக்கப் போனேன். போர்டு பக்கத்திலிருந்து அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை வெளியூர் ஆட்டம். அண்ணாச்சி வீட்டு டிவியில் எல்லோரும் பார்த்தோம். செந்தில் சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆமவடையை ஒரு கை பார்த்துக்கொண்டே சொன்னான், "ஏனுங்ணா, நீங்க மட்டும் ஒழுங்கா ரிவ்யூ பண்ணீருந்தீங்கன்னா எனக்கு இத்தன ரோதன வந்திருக்காதுங்ளே. காயத்ரி ஒரு வாரமாத் தூங்கவே இல்லீங்க."

"ஆமா தம்பி. கவனிக்காம விட்டுட்டேன். மனசுல வச்சிக்கிடாத" என்றார் அண்ணாச்சி.

நான் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். பிளானோவில் எண்ணெய்ச் சட்டி வைப்பதெல்லாம் கராஜில்தான். வீட்டுக்குள் பொரித்தால் கோட்டு, சூட்டு எல்லாம் மணக்கும். அடுத்த ஈடு போட அண்ணாச்சி கராஜுக்குப் போனார். நானும் பின்னாலேயே போய்ப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி இது? அவன் பாட்டுக்கு உங்களத் திட்டறான், நீங்க மன்னிப்பு கேக்கறீங்க! லீவுல இருந்தேன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் நிதானமாக வடையைத் தட்டி எண்ணெயில் போட்டார். "சொல்லியிருந்தா என் வட்டத்தை அழிக்கணும்லா? மிச்சம் நாலு பேருதான். நாலு பேருன்னா ஆள் குறைஞ்ச ஆட்டம். அப்புறம் அஞ்சுக்கு அஞ்சுன்னு நான் எப்படிவே வாதாடுவேன்?"

"விளையாடாதீங்க. ப்ரமோஷன் போச்சே."

"அது அடுத்த வருஷம் வரும். வராட்டியும் எனக்கு க்ரீன் கார்டு இருக்கு, ரூத்தும் வேலைக்குப் போறா. அந்தப் பிள்ளை காயத்ரி வயித்துப் பிள்ளையோட பெட்டி கட்டணுமாக்கும்?" என்றவர் கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இத அவன்ட்ட சொன்னீரு, அப்புறம் உமக்கும் நமக்கும் பேச்சில்ல. அவனுக்குக் கூச்சம் வந்துரும். கூச்சம் வந்துட்டா எங்கூட சண்டை போடமாட்டான்."

உள்ளேயிருந்து செந்திலின் குரல் கூரையைப் பிய்த்தது. "அண்ணாச்சீ! உங்காளு மறுக்கா உட்டுட்டானுங்கோ! சல்லடைங்கோ, சல்லடை!"

"எலே, அஞ்சு பேரும் எங்கல போனானுவ?" என்று கத்திக்கொண்டே அண்ணாச்சி கரண்டியோடு உள்ளே ஓடினார். வடை எண்ணெயில் கருகத் தொடங்கியது. இந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. அடுப்பை அணைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அவரை ஒட்டி உட்கார்ந்து, "செந்தில், அந்தக் கோல்ல கோலிமேல ஒரு தப்பும் இல்லப்பா" என்றேன்.

அந்தக் கோலை நான் பார்க்கவே இல்லை.